பாலில் ஒரு கரண்டி

தம்பி அனுப்பியிருந்த அமுக்கராப் பொடி டப்பா, அடுப்பு மேடையில் அப்பாவின் மாத்திரைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. காலையும் மாலையும் வெதுவெதுப்பான பாலில் ஒரு கரண்டி. அசதி போகும், மனபாரம் குறையும், உடம்பு எதையும் தாங்கப் பழகிவிடும் என்று அதன்மேல் அச்சிட்டிருந்தது. பால் காயும்வரை அந்தக் கடைசி வரியையே அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். தாங்கப் பழகுவது நல்லதுதானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

கண்ணாடிக் கடையின் பின்னறையில் அவளுக்கு வேலை. டாக்டர் சீட்டில் எழுதியபடி லென்ஸின் நடுவைக் குறிக்க மைப்புள்ளி வைத்து, ஓரத்தைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்த வேண்டும். வீட்டில் அப்பா. படுத்துக்கிடக்கும் அப்பா இல்லை, நடக்கும் அப்பா. ஓய்வு பெற்று எத்தனையோ வருடமாகியும், ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு வெளியே போய்விடுவார். திரும்பி வர வழி தெரியாது. அவள் கடையில் இருக்கும் நேரம் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா பார்த்துக்கொள்வார். மீதி நேரமெல்லாம் அவள் கண் கதவின் மேலேதான். அப்பா அசையாமல் கிடக்கும் கொஞ்ச நேரம்தான் அவளுக்குத் தூக்கம்.

தம்பி மனைவியோடு வேறு ஊரில் இருக்கிறான், சரக்குக் கிடங்கில் வேலை. ஒரு மாத லீவு சேர்த்து வைத்திருந்தான். முடியவில்லை என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்வதாகவும், அவள் எங்கேயாவது போய்ப் படுத்துத் தூங்கலாம் என்றும் சொல்லியிருந்தான். அதுவரைக்கும் இருக்கட்டும் என்றுதான் பொடியை அனுப்பினான். குடிக்க ஆரம்பித்த புதிதில் ஏதோ தெம்பு வந்தது போலிருந்தது. பிறகு அதுவும் இல்லை. வாயில் மண் வாசனை மட்டும் தங்கியது.

வெள்ளிக்கிழமை அவள் ஒரு கண்ணாடியில் வலது லென்ஸை இடதிலும் இடதை வலதிலும் மாற்றிப் பொருத்திவிட்டாள். வாங்கிப் போட்டுக்கொண்ட ஓட்டுநர் கடைப் படியிலேயே கால் இடறி, ரோடே சாய்ந்து தெரிகிறது என்று திரும்பி வந்தார். முதலாளி கத்தவில்லை. முதலில் உனக்கு ஒரு கண்ணாடி போட வேண்டும் போலிருக்கிறதே என்று சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், மறுபடி இப்படி நடந்தால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்றார், மெதுவாக.

அன்றே அவள் முடிவு செய்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை தம்பி போனில் பேசும்போது சொல்லிவிட வேண்டும். முடியலைடா. அவ்வளவுதான். லென்ஸ் தேய்க்கும் சத்தத்துக்கு நடுவே சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். கஷ்டமாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன்தான் முதலில் பேசினான். அந்தப் பொடிக்காக எத்தனை கடை ஏறி இறங்கினான், எதில் கலப்படம் இல்லை என்று யார் யாரிடம் விசாரித்தான் என்று சொல்லிக்கொண்டே போனான். சின்ன வயதில் பரிசுக் கோப்பையைக் கொண்டுவந்து காட்டிய குரல்.

"எப்படிக்கா இருக்கு? பொடி உடம்புக்குக் கேக்குதா?"

அந்த வீட்டில் யாரும் கொடுத்த பொருளைக் குறை சொன்னதில்லை. தம்பி முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த செருப்பு கடித்துக் கால் புண்ணானபோதும், பஞ்சு மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே அதைப் போட்டு நடந்தவள் அம்மா. சாகும்வரை வேறு செருப்பு வாங்கவில்லை.

"கேக்குதுடா," என்றாள்.

அடுத்து 'ஆனா' என்று தொடங்க வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் மூச்சை விடுவது கேட்டது.

"அப்பாடா. எனக்கு இதே கவலைக்கா. வீட்ல அவளுக்கு வேற மாசம் நெருங்குது. அப்ப லீவை பிரசவத்துக்கே வச்சுக்கறேன். நாளைக்கே எழுதிக் கொடுத்துடறேன்."

இப்போதும் சொல்லலாம். சுவர்க் கடிகாரத்தின் சத்தம் கேட்டது. தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். 

"அக்கா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்."

இன்னும் ரெண்டு டப்பா அனுப்புவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

பாலைச் சூடாக்கிப் பொடியைக் கலக்கினாள். அப்பா சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். போனில் யார் என்று கேட்டார். தம்பி என்றாள்.

"வர்றானா?"

"இல்லப்பா."

"சரி. எனக்கு நேரமாச்சு."

அவள் டம்ளரோடு போய்க் கதவில் முதுகைச் சாய்த்து, நின்றபடியே குடித்தாள். தாழ்ப்பாளைத் தேடி அப்பாவின் கை அவள் தோளைத் தடவிக்கொண்டிருந்தது.