கடைசி வரிசை நாற்காலி

மைக்கைக் கையில் வாங்கியவள், பேச வந்ததை விட்டுவிட்டு, “கடைசி வரிசையில யாரு விரல் காட்டப் போறது?” என்று கேட்டாள்.

மண்டபம் நிறைந்த கூட்டம் ஒன்றும் புரியாமல் பார்த்தது. மேடைக்குக் கீழே, மேசைமேல் அவள் கணவரைக் கிடத்தியிருந்தார்கள். அவரோடு சவுண்டு வேலை பார்த்தவர்கள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

இதே மண்டபத்திலும் விரல் காட்டுவது அவளுடைய வேலையாக இருந்தது. மேடையின் இரண்டு பக்கமும் பெரிய ஸ்பீக்கர்கள். பின்னால் இருப்பவர்களுக்காக நடுத்தூண்களில் சின்ன ஸ்பீக்கர்கள். பக்கத்திலிருக்கும் தூண் ஸ்பீக்கரின் சத்தம் முந்திக்கொண்டால், பேசுகிறவர் மேடையில் நிற்க, குரல் தூணிலிருந்து வரும். அதனால் அவள் கணவர் தூணை மட்டும் ஒரு துளி தாமதமாகப் பேச வைப்பார். “கடைசியில உக்காந்திருக்கவருக்கும் முகத்தைப் பார்த்துப் பேசுற மாதிரி இருக்கணும்” என்பார். கருவியால் அளந்த பிறகும் திருப்தி வராது. அவளைக் கடைசி வரிசையில் உட்கார வைத்துக் கண்ணை மூடச் சொல்வார். குரல் வரும் பக்கம் அவள் விரலை நீட்ட வேண்டும். விரல் மேடையைக் காட்டினால்தான் அன்றைக்கு எல்லோருக்கும் சாப்பாடு.

அந்த நாற்காலியிலிருந்து எத்தனையோ கச்சேரிகளை, நாடகங்களை ஓசியில் பார்த்துவிட்டாள். நன்றாக அமைந்தால் பாடினவருக்குக் கைதட்டல். சவுண்டு அமைத்தவரை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. இன்றைக்கு எல்லோர் முன்னாலும் அவருக்கு நன்றி சொல்லத்தான் மேடையேறினாள். அந்த நன்றி தூணிலிருந்து வரக்கூடாது.

“நான் போறேன்” என்று நாத்தனார் எழுந்தார். “என் தம்பி உன்னைக் கட்டிக்கிட்டு வந்தானா, கைகாட்டி மரமா நட்டு வச்சானா?” என்று காலமெல்லாம் அவளைக் கிண்டல் செய்தவர். முழங்காலைப் பிடித்துக்கொண்டு கடைசி வரிசை வரை நடந்தார். அங்கிருந்தவர் எழுந்து இடம் விட்டார். நாத்தனார் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

“அண்ணி, கேக்குதா?” என்று மைக்கில் கேட்டாள்.

விரல் தூணைக் காட்டியது.

கருவிக்குப் பக்கத்தில் நின்ற கூட்டாளி நெற்றியில் அடித்துக்கொண்டார். “அண்ணனைப் படுக்க வைக்க இடம் வேணும்னு மேடை ஸ்பீக்கரைப் பின்னால தள்ளினோம். அதுக்கேத்த மாதிரி தூணுக்குத் தாமதத்தைக் கூட்ட மறந்துட்டோம்.”

“அவருக்கு இடம் விடத்தானே தள்ளினீங்க. பரவாயில்ல, மாத்துங்க” என்றாள். பிறகு, “அவரு பார்த்திருந்தா உங்க யாருக்கும் இன்னைக்கு சாப்பாடு கிடையாது” என்றாள். அழுதுகொண்டிருந்த இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

கூட்டாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு கருவியில் எதையோ மெல்லத் திருகினார்.

“இப்ப, அண்ணி?” என்று அவள் மறுபடி மைக்கில் கேட்டாள்.

விரல் தூணைவிட்டு நகர்ந்தது. எல்லோர் தலைக்கும் மேலாக வந்து, அவளுக்கு நேராக நின்றது.

அவள் கீழே அவரைப் பார்த்தாள். இரவெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு எதுவும் நினைவுக்கு வரவில்லை. அதற்காக வருத்தமும் இல்லை.

“போற இடமெல்லாம் என்னையும் கூட்டிட்டுப் போனீங்க. ரொம்ப நன்றிங்க.”

மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தாள். கடைசி வரிசையில் நாத்தனார் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. நீட்டிய விரலையும் இறக்கவில்லை.