உறை போடாத கிரைண்டர்

என் சம்பந்தி ரங்கநாயகிக்கு நாலு வருடத்தில் இருபத்தேழு உறைகள் பின்னிக் கொடுத்திருக்கிறேன். கிரைண்டருக்கு, மிக்ஸிக்கு, தண்ணீர் கேனுக்கு, கேஸ் சிலிண்டருக்கு, டிவி ரிமோட்டுக்கு, ஃபிரிட்ஜ் கைப்பிடிக்கு. ஒரு தீபாவளிக்கு வேறு எதுவும் தோன்றாமல், அவர் வீட்டு ஸ்கூட்டரின் இரண்டு கண்ணாடிகளுக்கும் குல்லா பின்னிக் கொடுத்தேன். அதையும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "அருமையா இருக்குதுங்க சம்பந்தி" என்றார்.

ஆரம்பித்து வைத்தது நான்தான். என் மகள் கயல்விழியின் கல்யாணச் சீரோடு சீராக, உல்லன் நூலில் ஒரு கிரைண்டர் உறை பின்னி வைத்தேன். மஞ்சள் உடம்பு, பச்சை விளிம்பு. ஆசைப்பட்டுச் செய்தது. "இப்படியொண்ணு கடையில தேடுனாலும் கெடைக்காதுங்க" என்று ரங்கநாயகி சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பொங்கலுக்கு மிக்ஸி உறையோடு போனேன். அதற்கும் பாராட்டு. அடுத்த தடவை வெறுங்கையோடு போக முடியுமா? பெண்ணைக் கொடுத்த இடம். போன வருடம் கொண்டுவந்தவள் இந்த வருடம் கொண்டுவரவில்லை என்றால், மரியாதை குறைந்துவிட்டது என்றுதானே நினைப்பார்கள்? அப்படியே மாட்டிக்கொண்டேன்.

மூன்றாவது உறையிலேயே எனக்கு உல்லன் நூலைக் கண்டால் பற்றிக்கொண்டு வந்தது. குரோஷா ஊசி உரசி உரசி ஆள்காட்டி விரலில் காய்ப்பே விழுந்துவிட்டது.

நான் செய்ய ஆசைப்பட்டது வேறு. எங்கள் போத்தனூர் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் ஜங்ஷன் தெரியும். அதை ஒரு வெள்ளைத் துணியில் எம்ப்ராய்டரி போட ஆரம்பித்தேன். சிக்னல் கம்பம், ரயில், பிளாட்பாரத்தில் எப்போதும் படுத்திருக்கும் அந்த நாய். யாருக்கும் கொடுப்பதற்கு இல்லை, எதன் மேலும் போர்த்துவதற்கும் இல்லை. அதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் முதுகுவலிகூட மறந்துவிடும். ஆனால் இரண்டு வருடத்தில் கம்பமும் நாயும் போக, ரயிலில் ஒன்றரைப் பெட்டிதான் வந்திருந்தது. மற்ற சாயங்காலமெல்லாம் சம்பந்தி வீட்டுச் சாமான்களுக்கே போனது.

போன மாதம் ரங்கநாயகி போன் செய்தார். காரமடையில் புது வீடு கட்டி, பால் காய்ச்ச நாள் குறித்திருந்தார்கள்.

"ஏனுங்க சம்பந்தி, புது ஊட்டுக்கு நீங்க பின்னிக் குடுக்கறதப் பத்தி ஒரு வார்த்த பேசோணுமுங்க..."

"நீங்க சொல்லவே வேண்டாமுங்க. செஞ்சுபோடறேனுங்க."

"இல்லீங்க, உங்களுக்கு எதுக்குச் செரமம்னுதான்..."

"இதுல என்னங்க செரமம்? நம்ம ஊட்டு விசேசமுங்க."

"அப்படீங்களா" என்றார். குரல் தழுதழுத்தது. சந்தோஷத்தில் என்று நினைத்துக்கொண்டேன்.

போனை வைத்ததும் என் வீட்டுக்காரர் காளிச்சாமி செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கினார். "ஏம்புள்ள, முடியாதுன்னு சொல்ல வாயில்லியா உனக்கு?"

"உங்க பொண்ணு வாழற ஊடுங்க. நீங்களே பேசிப் பாருங்களேன்" என்றேன். தலை மறுபடி செய்தித்தாளுக்குள் போய்விட்டது.

புது வீட்டுக்கு ஒன்பது கதவு. கதவுக்கு ஒரு தோரணமாவது வேண்டாமா? இருபது நாளில் மூன்று முடித்தேன். நான்காவதில் கண்ணி எண்ணிக்கை தப்பி, இரண்டு தடவை பிரித்து, மூன்றாம் தடவையும் தப்பியபோது நூல்கண்டைச் சுவரில் எறிந்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். ஐம்பத்தைந்து வயதில், நூலுக்காக.

அன்றைக்கே முடிவு செய்தேன். நேரில் போய்ச் சொல்லிவிடுவது. சம்பந்தியின் முகம் சுருங்கினால் அது நாளைக்கு என் மகள் தலையில்தான் விடியும். அது தெரிந்தும், இனி ஒரு கண்ணிகூட என்னால் பின்ன முடியாது. வழக்கமாக முதல்நாளே கயலுக்குப் போன் செய்துவிட்டுத்தான் கிளம்புவேன். இந்தத் தடவை சொன்னால் தைரியம் போய்விடும் என்று, ஞாயிற்றுக்கிழமை காலை யாரிடமும் சொல்லாமல் மேட்டுப்பாளையம் ரயிலில் ஏறினேன்.

சம்பந்தியின் பழைய வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. ரங்கநாயகி கிரைண்டர் முன்னால் உட்கார்ந்து மாவு தள்ளிக்கொண்டிருந்தார். அரைத்து முடித்ததும் போர்த்த உறை பக்கத்தில் இருக்கும் என்று தேடினேன். இல்லை. மிக்ஸி மொட்டையாக நின்றது. சிலிண்டர், தண்ணீர் கேன், ஃபிரிட்ஜ் கைப்பிடி எல்லாமே மொட்டை. நான் பின்னியதில் ஒன்றே ஒன்றுதான் கண்ணில் பட்டது. மூலையில், மிக்ஸி உறைக்குள், ஒரு பூனை மூன்று குட்டிகளோடு படுத்திருந்தது.

அவர் என்னைப் பார்த்தார். கை மாவுக்குள்ளேயே நின்றுவிட்டது. "வாங்க சம்பந்தி" என்றார் அப்போதும். சொல்லிக்கொண்டே இன்னொரு கையால் முந்தானையை இழுத்துக் கிரைண்டரை மூடப் பார்த்தார்.

உள்ளேயிருந்து கயல் ஒரு மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். ஜன்னலில் என்னைப் பார்த்ததும் பரணிலிருந்து இறக்கியிருக்கிறாள். மூட்டை வாயில் மஞ்சளும் பச்சையும் எட்டிப் பார்த்தன.

"ஒரு போன் பண்ணியிருக்கலாமில்லம்மா!"

எனக்குப் புரிந்துவிட்டது. நான் கிளம்புகிறேன் என்று போன் வந்ததும் வீட்டில் எல்லாரும் சேர்ந்து சாமான்களுக்குச் சட்டை மாட்டியிருக்கிறார்கள். நாலு வருடமாக! ஒரு நிமிடம் கோபம் உச்சிக்கு ஏறியது. இருபத்தேழு உறை, என் விரல், என் சாயங்காலம்.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி" என்றார் ரங்கநாயகி. கண் கலங்கியிருந்தது. "ரிமோட்டு வழுக்கி வழுக்கி உழுகுதுங்க. ஃபிரிட்ஜுல கைய வெச்சா ஈரம். ஆசையாச் செஞ்சு கொண்டாறீங்க, வேண்டாம்னு எப்படீங்க சொல்றது? மருமவ மனசு நொந்துரும்னு பயமுங்க. அன்னைக்குப் போனுல சொல்லத்தானுங்க வாயெடுத்தேன். நீங்க முடிக்க உட்டாத்தானுங்களே!"

"அப்ப ஒம்போது தோரணமும் வேண்டாமுங்களா?"

"வேண்டாமுங்க" என்றார், கிட்டத்தட்ட காதில் விழாத குரலில்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நாலு வருடமாகத் தோளில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது. அத்தனை நிம்மதி. "எனக்கும் புடிக்கலீங்க" என்றேன். "மூணாவதுலயே புடிக்கலீங்க. அதச் சொல்லத்தானுங்க இன்னைக்கு வந்தேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மாவுக் கையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு நிற்கவே இல்லை. கயல் மூட்டையைத் தொப்பென்று போட்டுவிட்டு, "நடுவுல கெடந்து செத்தது நானு" என்றாள். பூனை எழுந்து ஒருமுறை எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

"பால் காய்ச்சறதுக்கு நெசமாலுமே என்ன வேணும், சொல்லுங்க" என்றேன்.

"ஒரு நல்ல இரும்புத் தோசைக்கல்லுங்க" என்றார் யோசிக்காமலே.

காப்பி குடிக்கும்போது, எனக்கு என்ன செய்யப் பிடிக்கும் என்று கேட்டார். போனில் போத்தனூர் ஜங்ஷன் துணியின் போட்டோவைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார்.

"சொல்லுங்க" என்றேன்.

"கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"மாட்டேனுங்க."

"ரயிலு நல்லாருக்குதுங்க. பிளாட்பாரத்துல ஆடு எதுக்குங்க?"

வீட்டுக்கு வந்ததும் துணியோடு மாடிக்குப் போனேன். காது கொஞ்சம் தொங்கித்தான் இருந்தது. முகமும் நீளம். சின்னக் கத்திரியால் நாயை முழுக்கப் பிரித்து, வெளிச்சம் இருக்கும்வரை புதிதாகத் தைத்தேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. மூன்று சாயங்காலம் ஆனது. முடிந்ததும் போட்டோ எடுத்து ரங்கநாயகிக்கு அனுப்பினேன்.

"இப்ப நாயுங்க" என்று பதில் வந்தது. நாலு வருடத்தில் அவர் சொன்ன பாராட்டுகளில் நான் இப்போது நம்புவது அது ஒன்றைத்தான்.