அக்கா ஏன் பேசவில்லை

எதையும் துருவித் துருவிக் கேட்பதால் வீட்டில் அவளுக்குத் துருவி என்று பெயர். வயது பதினாறு. பள்ளியின் கடைசி இரண்டு வருடங்களுக்கான பாடங்களை வெள்ளிக்கிழமைக்குள் படிவத்தில் குறித்துக் கொடுக்க வேண்டும். மற்றதெல்லாம் முடிவாகிவிட்டது. உளவியலும் சமூகவியலும் ஒரே நேரத்தில் நடக்கும் வகுப்புகள் என்பதால் அவற்றில் ஒன்றைத்தான் எடுக்க முடியும்.

துருவிக்கு அதில் தயக்கமே இருக்கவில்லை. உளவியல்தான். காரணம் அக்கா.

அக்கா முன்பெல்லாம் பல் தேய்க்கும்போதுகூடப் பேசுகிறவள். சலவை இயந்திரம் விற்கும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்து, வாடிக்கையாளர்களின் புகார்களுக்குத் தொலைபேசியில் பதில் சொல்லத் தொடங்கி ஏழு மாதமாகிறது. இப்போது வீட்டுக்கு வந்தால் வாயில் கொழுக்கட்டை வைத்தவள் மாதிரி இருக்கிறாள். காதல் என்று அம்மா சந்தேகப்பட்டாள். துருவியோ, அக்காவின் மனதுக்குள் ஏதோ முடிச்சு விழுந்திருக்கிறது, படித்தால் அவிழ்த்துவிடலாம் என்று நம்பினாள். உளவியலுக்கு நேரே பென்சிலால் ஒரு புள்ளியும் வைத்தாயிற்று.

புதன்கிழமை அக்கா மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் போனாள். அன்று பள்ளி விடுமுறை என்பதால் அம்மா துருவியை அக்காவின் அலுவலகத்துக்கு அனுப்பினாள். மூன்றாவது மாடி. மதிய இடைவேளை. காவலாளி சாப்பாட்டு அறையைக் கைகாட்டினார்.

உள்ளே முப்பது பெண்களாவது இருப்பார்கள். ஒருத்தி வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை. கரண்டிச் சத்தம் மட்டும். ஒருத்தி விரலை நீட்டினாள். எதிரே இருந்தவள் உப்புப் புட்டியை நகர்த்தினாள். அக்கா கண்ணாடியை வாங்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

துருவிக்குத் திக்கென்றது. அக்காவின் மனதுக்குள் இருப்பதாக நினைத்தது இந்த அறை முழுக்க அல்லவா உட்கார்ந்திருக்கிறது? முப்பது பேருக்கும் ஒரே முடிச்சா விழும்? அப்படியென்றால் இது சமூகவியல். மனதுக்குள்ளேயே புள்ளியை அழித்தாள்.

அப்போதுதான் ஜன்னலோரத்தில் ஒருத்தி சிரித்தாள். சிவப்புச் செருப்பு போட்டவள், கைபேசியில் யாரிடமோ கதை கதையாக அளக்க ஆரம்பித்தாள். அதே வேலை, அதே நாற்காலி, அதே முப்பது நிமிட இடைவேளை. இவள் மட்டும் எப்படி? துருவி படியிறங்கும்போது குழம்பிய குட்டையாக இருந்தாள்.

மாலையில் அக்கா துணி மடித்துக்கொண்டிருக்க, துருவி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, உனக்கு மனசுல என்ன கஷ்டம்?"

"மனசுல ஒண்ணும் இல்லடி. வாய்தான் வலிக்குது."

இரண்டு சட்டைகளை மடித்த பிறகு அவளே தொடர்ந்தாள். ஒரு நாளைக்கு எண்பது, தொண்ணூறு பேரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறதாம். வெளியே வந்தால் 'சாப்பிட்டியா' என்று கேட்பதற்குக்கூட நாக்கு எழுவதில்லையாம்.

"அப்ப அந்தச் சிவப்புச் செருப்பு?"

"அவளுக்கு நாளைக்குக் கடைசி நாள். வேலையை விடறா."

துருவிக்கு உயிர் வந்தது. சமூகவியலேதான்! வேலைதான் காரணம், மனது இல்லை. ஆனால் அக்கா துண்டை உதறிக்கொண்டே அடுத்ததைச் சொன்னாள்.

"நானும் விடலாம். வேற இடத்துல கூப்பிட்டாங்க. அம்மாவும் வேண்டாம்னு சொல்லல. ஏன் விடமாட்டேங்கறேன்னு எனக்கே தெரியல. நீ அதைக் கண்டுபிடிச்சுச் சொல்லு."

போயிற்று. மறுபடியும் உளவியல். வியாழக்கிழமை முழுவதும் துருவி மதில்மேல் பூனையாகவே இருந்தாள். அம்மாவைக் கேட்டால், எதைப் படித்தாலும் ஒழுங்காகப் படி என்றாள். பென்சில் புள்ளி இந்தக் கட்டத்துக்கும் அந்தக் கட்டத்துக்கும் அலைந்ததில் படிவத்தில் ஓட்டையே விழுந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் அந்த ஓட்டைக்குள் பார்த்தார்.

"ஏம்மா, இது எந்தப் பாடம்?"

பின்னால் வரிசை நீண்டிருந்தது. "சமூகவியல், சார்" என்று வந்துவிட்டது வாயில். அவர் முத்திரை குத்திவிட்டார். வாசலைத் தாண்டுவதற்குள் திரும்பிப் போய் மாற்றலாமா என்று தோன்றியது. மாற்றிச் சொல்லியிருந்தாலும் அதே வாசலில் இதேதான் தோன்றியிருக்கும் என்றும் தோன்றியது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அக்கா அதிசயமாக வாயைத் திறந்தாள்.

"எதைப் போட்ட?"

"சமூகவியல்."

"அது யாரைப் பத்தினது?"

"எல்லாரையும் பத்தினது."

"அப்ப நான்?"

"நீயும் அதுக்குள்ளதான் வருவ. அப்படித்தான் நினைக்கறேன்."

அக்கா, அந்தப் பாடத்துக்குப் புத்தகம் வந்ததும் தனக்கு முதலில் காட்டச் சொன்னாள். அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டுமா என்று கேட்டாள்.