பூஜையில் இருந்த ஹெல்மெட்

சுபாஷுக்கு எச்.ஆர். மேனேஜர் என்று பெயர். ஜூஜுவாடி பக்கம் ஒரு தகர ஷெட், நாலு பிரஸ் மெஷின், எட்டு ஆள். அந்த எட்டுப் பேருக்கு ஒரு எச்.ஆர்., அவருக்கு ஒரு ஏ.சி. அறை. எட்டில் ஒருவனுக்கு மண்டை உடைந்தபோது அந்த அறையிலிருந்து எழுந்து வர அவருக்கு அரை மணி நேரம் பிடித்தது. ஜெயமணி அதை மறப்பதாக இல்லை.

உடைந்தது அவள் புருஷன் கருப்பசாமியின் மண்டை. போன ஆயுத பூஜை அன்று மதியம், சங்கிலியில் தூக்கிய இரும்பு அச்சு கொக்கி நழுவி ஆடி, இடது பக்கம் அடித்துவிட்டது. ஆபரேஷனில் உயிர் தங்கியது. அந்த ஒரு நாள் மட்டும் அவன் நினைவில் இல்லாமலே போயிற்று. புதிதாகச் சொல்வதும் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை.

ஞாபகம் இல்லாதவனிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் அல்லவா? சுபாஷ் சொன்னார். ஆப்பிள் பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டிலோரம் உட்கார்ந்து, "ஹெல்மெட்டக் கழட்டி வெச்சுட்டியே கருப்பசாமி, நீயே இப்படிப் பண்ணலாமா?" என்று தொடர்ந்து நாலு நாள் அதையே ஓதினார். எதுவும் தங்காத அந்தத் தலையில் அது ஒன்று மட்டும் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. சோறு வைத்தாலும் டீ கொடுத்தாலும் "என் தப்புத்தான் ஜெயா, நானாத்தானே கழட்டுனேன்" என்பான்.  கைகால் போனவனுக்குக்கூட இப்படி ஒரு தண்டனை இல்லை.

நஷ்டஈடு கேட்டு மனுப் போட்டபோது நிறுவனம் அதையே பதிலாக எழுதியது. தொழிலாளி வேண்டுமென்றே தலைக்கவசத்தைக் கழற்றினார், நாங்கள் பொறுப்பல்ல.

நடந்தது என்ன? பூஜைக்காக ஷெட்டைக் கழுவி, ஸ்பேனர், சுத்தியல், எட்டு ஹெல்மெட் எல்லாவற்றையும் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்துப் படைத்திருந்தார்கள். படைத்ததை மறுநாள் மறுபூஜை முடித்துத்தான் எடுப்பது வழக்கம். அன்று மெஷினும் ஓடாது. ஆனால் முதலாளிக்கு மதியமே ஒரு லோடு அனுப்பியாக வேண்டும். சாமிக்கும் கோபம் வரக்கூடாது, கஸ்டமருக்கும் வரக்கூடாது. ஆகவே மூன்று பிரஸ்ஸுக்கு மாலை, நாலாவதுக்குக் கருப்பசாமி. என்ன ஒரு பக்தி!

இதையெல்லாம் அவனோடு வேலை செய்தவர்கள் அவள் காதோடு சொன்னார்கள். சாட்சி சொல்ல ஒருவனும் வரவில்லை.

கிருஷ்ணகிரி தொழிலாளர் ஆபீசில் விசாரணைக்குக் கூப்பிட்டபோது ஜெயமணி புருஷனைக் கூட்டிக்கொண்டு, சாட்சியாக ஒரு போட்டோவைத்தான் கொண்டுபோனாள். சுபாஷே பெருமையாகக் கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டது. வரிசையாக எட்டு ஹெல்மெட், மூன்றாவதில் மார்க்கரால் எழுதிய புருஷன் பெயர், அதன் மேல் ஒரு செவ்வந்திப் பூ.

அதிகாரி அம்மா அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். சுபாஷ் அசரவில்லை.

"மேடம், பூஜை பதினோரு மணிக்கே முடிஞ்சிருச்சு. அப்புறம் அவர் எடுத்துப் போட்டிருக்கலாமே? எடுக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல. எங்ககிட்ட எப்பவும் சேஃப்டிதான் ஃபர்ஸ்ட்."

கழற்றினான் என்றது இப்போது எடுக்கவில்லை என்று ஆகிவிட்டது. அந்த நாக்குக்கு எலும்பே இல்லை என்று ஜெயமணி நினைத்துக்கொண்டாள். சூப்பர்வைசர் நாராயணப்பன், உத்தனப்பள்ளிக்காரர், தரையைப் பார்த்தபடி, "ஆமாங்க மேடம், எடுத்துக்கினு இருக்கலாம்" என்றார்.

அதிகாரி காகிதங்களைப் புரட்டினார். "விபத்துப் பதிவேட்டுல அன்னைக்கு ஒண்ணுமே எழுதலையே. மறுநாள் சாயங்காலம்தான் எழுதியிருக்கீங்க. யோசிச்சு எழுதினீங்களா?"

பொய் எழுதியதாகச் சந்தேகப்படுகிறார் என்றதும் சுபாஷுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஐயோ, அப்படியில்ல மேடம்! அன்னைக்கு எழுதவே முடியாது. ரிஜிஸ்டர், பேனா எல்லாம் பூஜையில இருந்துச்சு. மறுபூஜை ஆகாம ஒரு பொருளையும் யாரும் தொடக் கூடாதுன்னு எம்.டி. ஸ்ட்ரிக்ட்டா சொல்லியிருந்தாரு."

"யாரும் தொடக் கூடாதுன்னா, கருப்பசாமி மட்டும் எப்படித் தொடுவாரு?"

சுபாஷ் நாராயணப்பன் பக்கம் திரும்பினார். நாராயணப்பன் அதிகாரியைப் பார்த்துத் தலை நிமிர்ந்தார். "தொடாதேன்னு நான்தாங்க சொன்னேன் மேடம். அவன் கேட்டான். மேனேஜர் சார் சொல்லச் சொன்னாரு, சொன்னேன்."

அதிகாரி ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி எழுத வைத்தார். தொழிலாளி கவசத்தைக் கழற்றவில்லை. அது அவருக்குக் கொடுக்கப்படவில்லை. விபத்துக்கு நிறுவனமே பொறுப்பு.

"அப்ப நான் கழட்டலையா ஜெயா?" என்று கருப்பசாமி கேட்டான்.

"இல்லங்க. நீங்க கழட்டவே இல்ல."

அவன் சிறுபிள்ளையாக அழுதான். அவளும் அழுதாள். எட்டு மாதத்தில் அவள் சந்தோஷமாக அழுதது அன்றுதான்.

கையெழுத்தெல்லாம் போட்டு வெளியே வர நேரமாகிவிட்டது. வாசல் படியில் சுபாஷ் காத்திருந்தார். குரலில் திடீரென்று தேன் ஒழுகியது. "அக்கா, அப்பீல் அது இதுன்னு எதுக்கு இழுத்துக்கிட்டு? உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க, பேசி முடிச்சுக்கலாம்."

அவள் பதில் சொல்வதற்குள் கருப்பசாமி முன்னால் வந்து சுபாஷைக் கையெடுத்துக் கும்பிட்டான். "மன்னிச்சிருங்க சார். நான் கழட்டியிருக்கக் கூடாது. உங்களுக்கெல்லாம் எவ்வளவு சங்கடம்."

ஜெயமணி அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"என்ன வேணும்னு கேட்டீங்களே சார்," என்றாள். "பணத்தை ஆபீசு பாத்துக்கிடும். நீங்க தெனம் எங்க வீட்டுக்கு வாங்க. இவரு பக்கத்துல உக்காந்து, 'கருப்பசாமி, நீ கழட்டல, நான்தான் பொய் சொன்னேன்'னு சொல்லுங்க. இது மண்டைக்குள்ள ஏறுற வரைக்கும் சொல்லணும். இப்பவே ஆரம்பிங்க, எதிர்லதான நிக்கிறாரு."