கொய்யாச் சிவப்பு

முதல் குண்டு நாய்க்குப் போனது. அடுத்த நொடியே துப்பாக்கியின் கட்டை நிக்சாவின் வாயில் இறங்கியது.

"உன் தம்பி எங்கடி?" என்றான் ரெம்பெர்.

அவள் இரத்தத்தோடு ஒரு பல்லையும் துப்பினாள். "கடல்ல."

"எப்ப வருவான்?"

அவள் தரையில் கையூன்றி எழப் பார்த்தாள். ரெம்பெரின் ஆள் செல்சோ அவள் இடது கையின் மேல் ஏறி மிதித்தான். சுண்டுவிரல் மளுக்கென்று முறிந்தது.

"சொல்லாட்டி போ. தண்ணி வத்தறதுக்கு முன்னாடி முகத்துவாரம் வழியாத்தானே வந்தாகணும்? அங்கயே வச்சு வெட்டறேன்."

போன வாரம் அவள் தம்பி ஒட்டோனியேலின் மோட்டாரைப் பறிக்க இவர்கள் கடலில் மறித்தார்கள். அவன் துடுப்பால் ஒரே ஒரு அடிதான் அடித்தான். ரெம்பெரின் தம்பி மண்டை பிளந்து செத்தான்.

"ஒரு கேன் பெட்ரோல் கலந்து குடு. முழு வேகத்துல போகணும்."

கரை முழுவதற்கும் பெட்ரோல் கலந்து கொடுப்பவள் நிக்சாதான். ஒரு கேனுக்கு அரை லிட்டர் மோட்டார் எண்ணெய். எண்ணெய் இல்லாமல் ஓட்டினால் உள்ளே இரும்பும் இரும்பும் உரசி மோட்டார் இறுகிவிடும். எண்ணெய் சிவப்பு. சரியாகக் கலந்தால் பெட்ரோல் கொய்யாச் சதையின் நிறத்துக்கு வரும். வெள்ளைக் குவளையில் கொஞ்சம் ஊற்றி நிறம் பார்ப்பார்கள், அவ்வளவுதான் சோதனை.

அவள் அலமாரிப் பக்கம் திரும்பினாள். பழைய சோடா பாட்டில்களில் மோட்டார் எண்ணெய் வரிசையாக நின்றது. ஓரத்தில் இன்னொரு பாட்டில். மீன் குழம்புக்கு நிறமேற்ற அச்சியோத்தே விதையை வதக்கி வடித்த எண்ணெய். இரண்டு கரண்டி விட்டால் ஒரு அண்டா சோறும் சிவந்துவிடும். செல்சோ ரம் தேடிப் பானைகளை உடைத்துக்கொண்டிருந்தான். அவள் முதுகால் மறைத்து அந்த இரண்டு கரண்டியை மட்டும் கேனில் விட்டுக் குலுக்கினாள்.

ரெம்பெர் குவளையைத் தூக்கிப் பார்த்தான். "அசல் கொய்யா! சுத்தமான கைடி உனக்கு." அவள் தலைமுடியைச் சுருட்டிப் பிடித்தான். "நீயும் வா. உன் கண்ணு முன்னாடியே அவனைத் துண்டு போடறேன்."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை.

படகு சதுப்பு மரங்களுக்கிடையே நீரைக் கிழித்துக்கொண்டு பறந்தது. நிக்சா மோட்டாரின் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்துவாரத்தில் அலைகள் வெள்ளையாக உடைந்தன. அதற்கு அப்பால் நீல மூக்குள்ள தம்பியின் படகு கரை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"அதோ வர்றாரு மாப்பிள்ளை!" ரெம்பெர் வெட்டுக்கத்தியோடு எழுந்தான்.

மோட்டார் கீச்சென்று கத்தத் தொடங்கியது.

"அண்ணே, இழுக்க மாட்டேங்குது!"

"முறுக்குடா!"

செல்சோ முறுக்கினான். இரும்பு இரும்பைக் கடித்த ஒரு சத்தம். பிறகு அலையின் இரைச்சல் மட்டும். கயிற்றை இழுத்தான், அசையவில்லை. படகு அலைக்குப் பக்கவாட்டில் திரும்பியது.

ரெம்பெர் கேனின் குழாயைப் பிடுங்கினான். வழிந்ததை விரல்களில் தேய்த்தான். வழுக்கவில்லை. விரல் மட்டும் மஞ்சளாகச் சிவந்தது. அவளைப் பார்த்தான்.

"அடிப் பாதகத்தி!"

கத்தி இறங்கியது. தடுத்த கையில் எலும்பு வரை வெட்டு விழுந்தது. இரண்டாவது வெட்டுக்கு ஓங்கும்போது அலை படகைக் குப்புறக் கவிழ்த்தது. படகின் விளிம்பு செல்சோவின் கழுத்தில் விழுந்தது; அவன் மேலே வரவேயில்லை. ரெம்பெர் நீருக்குள் அவள் முடியைப் பற்றி அமுக்கினான். அவள் விரல் முறிந்த கையின் கட்டைவிரலை அவன் கண்ணில் ஏற்றினாள். பிடி விட்டது. கேன் மிதந்து வந்தது, கட்டிக்கொண்டாள். அவனும் கேனுக்குப் பாய்ந்தான். முகத்தில் உதைத்தாள். மறுபடி உதைத்தாள். அடுத்த அலை அவனை மூடியது.

ஒட்டோனியேல் அவளைச் சட்டையைப் பிடித்துத் தூக்கிப் படகில் போட்டான். வெட்டுக்காயத்தைத் துணியால் இறுக்கிக் கட்டினான். அவள் இன்னும் கேனை விடவில்லை.

"அக்கா, அதைக் குடு. என் மோட்டாருக்கு இனிச் சொட்டுப் பெட்ரோல் இல்ல. நிறமும் நல்லாத்தானே இருக்கு?"

"தொடாதடா," என்றாள் உடைந்த பல்லிடுக்கால். "துடுப்பை எடு."