மார்கழிக் கல்யாணம்

"கல்லத் தடவுனது போதும் மச்சான், எறங்கு, வாட்ச்மேன் பாக்குறான்."

"இது இல்லடா."

"எது இல்ல? வழவழன்னுதான இருக்குது, இதுல உருளுமா உருளாதா, அத மட்டும் சொல்லு."

உருளும், நன்றாகவே உருளும், கடலூர் வந்து இறங்கிய காலையிலிருந்து பார்த்ததில் இந்த ஆபீஸ் படிதான் நல்ல படி, ஆனால் நான் தேடுவது இது இல்லை, அது சிதம்பரத்தில் இருக்கிறது என்று சேரனுக்கு எப்படிச் சொல்வது... அவன் என் மாமா மகன், சிதம்பரத்தில் செல்போன் கடையில் வேலை, எனக்காக ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வண்டியோடு வந்திருக்கிறான், பெங்களூரிலிருந்து அத்தை மகன் ஸ்கேட்போர்டு என்கிற சக்கரப் பலகையோடு வந்திருக்கிறான், நல்ல இடம் தேடி ஓட்டி வீடியோ எடுத்துக்கொண்டு போவான், அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும், அது பொய்யும் இல்லை, ஒரு பாதி உண்மை, மறுபாதியை நான் பையில் வைத்திருக்கிறேன், அம்மா மாதா படத்துக்கு முன்னால் ஏற்றி அணைத்த பாதி மெழுகுவர்த்தி, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அவள் பார்க்காதபோது எடுத்து ஜீன்ஸில் செருகியது. கல் விளிம்பில் மெழுகைத் தேய்த்தால் பலகைக்கு அடியில் இருக்கும் இரும்பு அச்சு வழுக்கிக்கொண்டு போகும். திரும்பத் திரும்பப் போனால் விளிம்பு பல் பல்லாகப் பெயரும். பெங்களூரில் எங்களை எல்லா வாசலிலிருந்தும் துரத்துவது அதனால்தான், அங்கே நான் யார் வீட்டுக் கல்லையும் கெடுக்க நினைத்ததில்லை, கெட்டுவிடும் என்று பயந்துகொண்டேதான் ஓட்டினேன். இங்கே கெடுப்பதற்காக வந்திருக்கிறேன், ஒரே ஒரு கல்லை. வாட்ச்மேன் கிட்டே வந்துவிட்டான், பலகையைக் காலால் தட்டிப் பார்த்தான், "ஏம்பா, காலில்லாதவுங்க பஸ் ஸ்டாண்டுல இதுலதான போவாங்க, ஒனக்குத்தான் கால் நல்லாருக்குதே" என்றான், சேரன் விழுந்து விழுந்து சிரித்தான், எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை.

கடற்கரைக்குப் போனோம், நடைபாதைக் கல்லெல்லாம் பெயர்ந்து கிடந்தது, மணல் சக்கரத்தின் பேரிங்குக்குள் புகுந்து கரகரவென்றது, நான் கடலுக்கு முதுகைக் காட்டியபடியே உட்கார்ந்து துடைத்தேன், ஏன் மச்சான் இந்தப் பக்கம் திரும்பிக்கிட்ட என்று சேரன் கேட்கவில்லை, அவன் காட்டுமன்னார்கோயில்காரன், சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் ஏரிக்கரையில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தான், அலை என்பது அவனுக்கு டிவியில் வந்த செய்தி. ஊருக்குப் புதிதாக வருகிறவன் கோபுரத்தைப் பார்ப்பான், நல்ல சாப்பாட்டுக் கடையைப் பார்ப்பான், பலகை வைத்திருப்பவன் தரையைத்தான் பார்ப்பான், எங்கே சரிவு, எங்கே இரண்டு கல்லுக்கு நடுவே சக்கரம் மாட்டும் இடைவெளி, எங்கே முழங்கால் உயரத்தில் ஒரு திண்டு... இந்தப் பார்வை பலகையால்தான் வந்தது என்று பெங்களூர் நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், ஆனால் அது நிஜமா? பதின்மூன்று வயதில் ஒரு வாசலில் தலை குனிந்து நின்றேனே, அன்றைக்கே தரை பார்க்கப் பழகிவிட்டேனோ என்னவோ. அன்று தலையை ஒரு முறை நிமிர்த்தியிருந்தால் மண்டபத்தின் பெயரைப் படித்திருப்பேன், இப்படிப் படிப்படியாகத் தடவிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. நான் படிக்கிற தடித்தடியான மொழிபெயர்ப்பு நாவல்களில் பழிவாங்க வருகிறவன் நீளக் கோட்டு போட்டிருப்பான், பனியில் நடப்பான், சட்டைப்பைக்குள் துப்பாக்கி கனக்கும், போகவேண்டிய வீட்டின் பெயரும் அவனுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு வியர்த்துக் கொட்டுகிறது, பையில் மெழுகுவர்த்தி வளைந்துகொண்டிருக்கிறது.

"மூக்கப் பொத்திக்க, செம்மங்குப்பம் வருது" என்று சேரன் வண்டியை முறுக்கினான், நான் பொத்திக்கொள்ளவில்லை, தொழிற்சாலைக் காற்று அழுகின பழம் போலவும் மருந்து போலவும் தொண்டையில் இறங்கியது, அதற்குள்ளிருந்து வேறொரு வாசம் எழுந்து வந்தது, பினாயில்... அன்று கிள்ளைக்கு அந்தப் பக்கம் உப்பங்கழி ஓரத்திலிருந்து ஓடிவந்தோம், அப்பா கேரளாவில் வேலையில் இருந்தார், தங்கச்சி இசைவாணி அம்மாவின் இடுப்பில், பாதி தூரம் நடை, பாதி தூரம் யாரோ ஏற்றிவிட்ட டிராக்டர், அம்மாவின் சேலை சேற்றோடு முழங்காலுக்கு மேல் கிழிந்து உடம்போடு ஒட்டிக்கிடந்தது, வழியில் ஒரு புண்ணியவதி கொடுத்த பழைய சேலை ஒன்று அம்மாவின் கக்கத்தில் இருந்தது, மாற்றிக்கொள்ள ஒரு மறைவு மட்டும் வேண்டும், மாமா வீட்டுக்குப் பஸ் கிடைத்தால் போய்விடலாம், இந்தக் கோலத்தில் எப்படிப் பஸ் ஏறுவது? சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் வேன்கள் நின்றன, எங்களைப் போலவே அலைக்குத் தப்பி வந்த ஆட்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள், நாங்களும் படியேறினோம். கறுப்புக் கல், ஈரம் போலப் பளபளப்பு, அம்மாவின் முகம் அதில் தலைகீழாகத் தெரிந்தது. வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் குறுக்கே வந்து எந்த ஊரு என்றார், அம்மா சொன்னாள், ஊருல எந்தப் பக்கம் என்றார், அதையும் சொன்னாள், அவள் ஏன் சொன்னாள், ஒரு பொய் சொல்லக்கூடாதா என்று பின்னால் எத்தனை ராத்திரி நினைத்திருக்கிறேன்... அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை, "ஹால் புக் ஆயிருக்கும்மா, நாளைக்குக் கல்யாணம்" என்றார். அம்மா சொன்னாள், "ஐயா, ஒரு சீலை மாத்திக்க மட்டும் எடம் குடுங்க." அவர் உள்ளே திரும்பி யாரையோ கூப்பிட்டார், ஒருவன் ரப்பர் குழாயோடு வந்து படியில் பினாயில் தண்ணீர் அடிக்க ஆரம்பித்தான், எங்கள் மேல் படவில்லை, காலுக்குப் பக்கத்தில், இன்னும் கொஞ்சம் பக்கத்தில், நாங்கள் ஒவ்வொரு படியாக இறங்கினோம். அம்மா மூத்திரச் சந்து ஒன்றில் சேலை மாற்றினாள், நான் வெளிப்பக்கம் திரும்பி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மறைத்து நின்றேன்.

கதவை மூடியதைக்கூட மன்னிக்கலாம், அவர் சொன்ன பொய்யைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. மார்கழி மாதம். எந்தச் சாதியில், எந்த ஊரில், மார்கழியில் கல்யாணம் வைப்பார்கள்? ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட நம்பாத பொய், எங்களுக்காக ஒரு நல்ல பொய்யை யோசிக்கிற சிரமம்கூட அவர் எடுத்துக்கொள்ளவில்லை, இது பொய் என்று எங்களுக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை, தெரிந்து என்ன செய்துவிடப்போகிறோம். அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள், அதுதான் எனக்கு விளங்காதது, எங்கள் வீட்டில் அது பழமொழியாகவே ஆகிவிட்டது, இசைவாணி பள்ளிக்கூடத்தில் பரீட்சை இல்லை என்று சொன்னால் "ஆமா, மார்கழில கல்யாணம்" என்பாள், அப்பா குடிக்கவில்லை என்று சத்தியம் செய்தால் "மார்கழில கல்யாணம்" என்பாள், எந்த மண்டபம்மா அது என்று கேட்டால் மட்டும் சிரிப்பு நின்றுவிடும், "அது எதுக்கு இப்ப, சாப்பிடு." அவளுக்குப் போய்விட்டதா, இல்லை, சிரித்துச் சிரித்து மூடி வைத்திருக்கிறாளா? ஆறு வருஷத்தில் அவள் யார் வீட்டு வாசற்படியிலும் உட்கார்ந்ததில்லை, எவ்வளவு கால் வலித்தாலும், மாதா கோயில் படியில்கூட.

சிதம்பரத்துக்குள் நுழைந்தபோது சேரன் உற்சாகமாகிவிட்டான், பல்கலைக்கழகப் பக்கம் ரோடு கண்ணாடி மாதிரி இருக்கும் மச்சான், அங்க போலாம் என்றான், போனோம், நிஜமாகவே நல்ல ரோடு, மர நிழல், காலை ஒரு உந்து உந்தினால் சக்கரம் சத்தமில்லாமல் ஓடியது, சைக்கிளில் வந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள், ஒரு நிமிஷம் எல்லாம் மறந்துபோய் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அந்தச் சந்தோஷத்தின் மேல் எனக்குக் கோபம் வந்தது. கல்யாண மண்டபம் இருக்கிற தெருவா போடா என்றேன். மார்கழியாதலால் எல்லாம் பூட்டிக் கிடந்தன, ஒன்றில் மொசைக், தடவிப் பார்த்துவிட்டு இறங்கினேன், இன்னொன்றில் கடப்பைக் கல், "மச்சான், நீ ஓட்ட வந்தியா, கல்லு வியாபாரத்துக்கு வந்தியா?" என்றான் சேரன். அடுத்த தெருவில் கேட் திறந்திருந்தது. வாசலின் இரண்டு பக்கமும் கைகூப்பி நிற்கும் சிமெண்ட் பொம்பளைகள், கையில் பச்சை பெயிண்ட் வளையல், மேலே நல்வரவு. அந்த வளையலை எனக்குத் தெரியும். குனிந்து படியோரத் திண்டின் மேல் உள்ளங்கையை வைத்தேன், கறுப்பு, குளிர்ச்சி, என் முகம் தலைகீழாக. அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து பெயரைப் படித்தேன், லோகநாயகி மஹால், அதற்குக் கீழே சின்ன எழுத்தில், உரிமையாளர் ராமாமிர்தம்.

"இதான்டா" என்றேன். சேரன் செல்போனைத் தூக்கிப் பிடித்தான், "ஆக்‌ஷன்!" முன்முற்றம் நல்ல சிமெண்ட், காலையில் போட்ட கோலம் பாதி அழிந்திருந்தது, நான் மெழுகுவர்த்தியை எடுத்துத் திண்டின் விளிம்பு முழுவதும் தேய்த்தேன், அம்மாவின் மெழுகு, மாதாவே மன்னிக்காதே, என்னையும் மன்னிக்காதே, அவரையும் மன்னிக்காதே... கேட்டிலிருந்து உந்திக்கொண்டு வந்து எம்பினேன், பலகை காலோடு எழும்பியது, இரும்பு கல்லில் இறங்கிக் கிறீச்சென்று அலறியது, பல் கூசும் அந்தச் சத்தம் மூடிக்கிடந்த மண்டபத்துக்குள் போய்த் திரும்பி வந்தது. முதலில் ஒரு வெள்ளைக் கோடு. திரும்பப் போனேன். விழுந்தேன், முழங்கை உரிந்தது, திரும்பப் போனேன். மூலையில் பிறை போல ஒரு சில்லு தெறித்து விழுந்தது, விழுந்த சத்தம் எனக்கு மட்டும் கேட்டது, இதுதான், இதுதான்... ஆனால் உள்ளே எங்கேயும் எதுவும் தெறிக்கவில்லையே, ஏன்?

மண்டபக் கதவு திறந்தது. அதே ஆள், வேட்டி அப்படியே, உடம்புதான் பாதியாகியிருந்தது, தோளில் துண்டு. சேரன் போனைப் பைக்குள் போட்டு ஓடத் தயாரானான். நான் நகரவில்லை, திட்டு, அடிக்க வா, குழாயை எடுத்துவரச் சொல், அதற்குத்தானே வந்தேன். அவர் திண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாய் முழுக்கச் சிரித்தார்.

"அட! சர்க்கஸ் மாதிரியில்ல இருக்குது! லோகா, ஏ லோகா, இங்க வந்து பாரேன், தம்பி பலகையில பறக்குது! எந்த ஊரு தம்பி?"

அதே கேள்வி. "பெங்களூரு சார்" என்று சேரன் முந்திக்கொண்டான். ஊருல எந்தப் பக்கம் என்று வரும், வரட்டும் என்று காத்திருந்தேன், வரவில்லை, என் ஷூவையும் சட்டையில் இருந்த இங்கிலீஷ் எழுத்தையும் பார்த்ததோடு அவருக்குப் போதுமாக இருந்தது.

"கல்லு ஒடஞ்சிருச்சு" என்றேன். நானே காட்டினேன், விரலால்.

"கல்லுதானப்பா, போவுது போ." கிடந்த சில்லைச் செருப்புக் காலால் ஓரமாகத் தள்ளினார். "இது வழுக்குதுன்னு ஜாஸ்தி பேரு சொல்றாங்க, தை மாசத்துக்கு அப்புறம் மாத்தப்போறேன். உக்காருப்பா, கையெல்லாம் ரத்தம் பாரு." திண்டைத் துண்டால் தட்டி எனக்கு இடம் காட்டினார்.

ஆறு வருஷம் நான் மனதுக்குள் உடைத்துக்கொண்டிருந்த கல் அவருக்கு ஒன்றுமே இல்லை, எனக்கும் இல்லையோ? கல்லா படியிறங்கச் சொன்னது? உட்காரவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன், கூடம் நீளமாக, காலியாக, ஓரத்தில் நாற்காலிகள் அடுக்கடுக்காக, அதற்கு அப்பால் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள், கதவுகள் திறந்தே கிடந்தன, எத்தனை மறைவுகள்... நாளைக்குக் கல்யாணம் ஏதும் இருக்குதுங்களா என்று கேட்டேன்.

அவர் சேரனைப் பார்த்துக் கண்ணடித்தார். "பெங்களூரு ஆளுங்கிறது செரியாப்போச்சு. மார்கழி மாசத்துல எவன் தம்பி கல்யாணம் வெப்பான்?"

அவரும் சிரித்தார், சேரனும் சிரித்தான், அம்மாவும் இப்படித்தான் இந்த இடத்தில் சிரிப்பாள். கதவோரம் லோகநாயகி அம்மாள் சொம்பில் தண்ணீரோடு வந்து நின்றாள், ஒரு காலை அழுத்தி ஊன்றாமல் நின்றாள், என்னைப் பார்த்தாள், கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாளோ? முழங்கையிலிருந்து ஒரு சொட்டு கறுப்புக் கல்லில் விழுந்தது, அதில் நிறம் தெரியவில்லை. ஓடிவிடலாம், வண்டி தயாராகத்தான் இருக்கிறது, கல்லை உடைத்தாகிவிட்டது, வீடியோ இருக்கிறது, அம்மாவிடம் காட்டினால் எந்தக் கல்லுடா இது என்று கேட்பாள், நான் என்ன சொல்வேன்?

"என்னப்பா அப்பிடியே நிக்கிற" என்றார் ராமாமிர்தம், "தண்ணி குடி. வேற எதுனா வேணுமா? கூச்சப்படாம கேளு."

கேளு என்கிறார். நான் தலையை நிமிர்த்தினேன், அவர் கண்ணைப் பார்த்தேன், வாய்க்குள் அம்மாவின் குரல்தான் இருந்தது, ஒரு எழுத்து மாறாமல் அப்படியே.

"ஐயா, ஒரு சீலை மாத்திக்க மட்டும் எடம் குடுங்க."