பன்னிரண்டாம் நாள் பயான்

நபிகளார் பிறந்த ரபீஉல் அவ்வல் மாதம் வந்தால், கல்முனைக்குடியில் எங்கள் சின்னப் பள்ளிவாசலில் முதல் பன்னிரண்டு நாளும் அஸர் தொழுகைக்குப் பிறகு நபிகளாரின் வாழ்க்கையைப் பயானாக, பிரசங்கமாகச் சொல்வது என் வேலை. இருபத்திரண்டு வருடமாகச் சொல்கிறேன். ஸைனுலாப்தீன் லெப்பை வாயைத் திறந்தால் கல்லும் கரையும் என்பார்கள். அதில் எனக்குத் தலைக்கனமும் உண்டு.

சூறாவளிக்குப் பிறகு வந்த காய்ச்சலில் என் மனைவி சுபைறா மவுத்தாகி இரண்டு மாதமாகிறது. பிள்ளைகுட்டி இல்லை. ஸலாம் சொல்லி வீட்டுக்குள் நுழைந்தால் பதில் வராது. அது இன்னும் பழகவில்லை.

பதினொரு நாளை எப்படியோ ஒப்பேற்றிவிட்டேன். பன்னிரண்டாம் நாளை நினைத்துத்தான் பயம். அன்றைக்குச் சொல்ல வேண்டியது நபிகளாரின் கடைசி நோய். நிற்கவும் முடியாத உடம்போடு பள்ளிக்கு வந்து, தம்மால் அநியாயம் செய்யப்பட்டவர் யாராவது இருந்தால் இப்போதே பழி தீர்த்துக்கொள்ளட்டும் என்று கேட்டார்களே, அது. அதைச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

ஒரு வருடம், நபிகளார் தம் செருப்பைத் தாமே தைத்ததையும் வீட்டு வேலையில் மனைவிமாருக்குக் கைகொடுத்ததையும் உருக்கமாகச் சொல்லிவிட்டு வீடு வந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் பெண்களோடு இருந்து கேட்டுவிட்டுச் சுபைறாவும் வந்திருந்தாள். காலையில் கஞ்சி வடித்தபோது அவளுடைய வலது கை வெந்துபோயிருந்தது.

"இண்டைக்கு மட்டும் ரெண்டு வாளி தண்ணி அள்ளித் தாங்களேன்" என்றாள்.

"லெப்பை தண்ணி அள்ளுறத ஊர் பார்த்தா என்ன கதைக்கும்? பயான் கேட்டுட்டு வந்து எனக்கே ஓதித் தாறியா?" என்று கத்தினேன்.

அவள் இடது கையால் அள்ளினாள். அந்தத் தண்ணீரில்தான் கைகால் முகம் கழுவி வுழுச் செய்துகொண்டு மஃரிபு தொழுகைக்குப் போனேன், வெட்கங்கெட்டவன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. நானும் அவளிடம் மன்னிப்புக் கேட்டதில்லை.

பன்னிரண்டாம் நாள் பயானைப் பாதியில் நிறுத்தினேன். பிறகு அந்த இரண்டு வாளித் தண்ணீரின் கதையைச் சபையில் அப்படியே சொன்னேன்.

"நான் அநியாயம் செஞ்சவ இண்டைக்குத் திரைக்கு அங்கால இல்ல. நான் ஆரிட்டப் போய்க் கேக்க?" என்றேன்.

சபை சத்தமாக நபிகளாரை வாழ்த்தி ஸலவாத்துச் சொன்னது. நான் பேச்சை நிறுத்தும்போதெல்லாம் ஸலவாத்துச் சொல்லியே பழகியவர்கள். பள்ளி நிர்வாகம் பார்க்கும் மரைக்கார் மீராசா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன பணிவு லெப்பை! எல்லாரையும் அழ வெச்சிட்டீங்க." எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒருத்தராவது என்னை ஏசக்கூடாதா?

பெண்கள் வாசலில் சுபைறாவின் தங்கை றஹீமா நின்றாள். அவளாவது ஏசட்டும் என்று கிட்டப் போனேன்.

"உன்ட ராத்தா என்னப் பத்தி உன்னட்டச் சொல்லி அழுதிருப்பா. என்ன சொன்னா, சொல்லு."

"அழல்ல மச்சான். இந்த மனுசன்ட பயானுக்கு என்னத்துக்கு வருசா வருசம் போறாய் எண்டு நான்தான் ஒருக்காக் கேட்டன். பள்ளியில கதைக்கிறவர் நல்ல மனுசன் புள்ள, அவரக் கேக்கத்தான் போறன் எண்டா."

றஹீமா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அவர் ஒரு நாளைக்கு ஊட்டுக்கும் வருவார் எண்டு பார்த்துக்கிட்டுத்தான் இருந்தா."